கிளப் தோழியோடு சேர்ந்தே ஓடி 19 நிமிடம் தொலைத்தோம் – இது யார் கணக்கில்?

#1 – ஒற்றைஷூ

ஞாயிற்றுக்கிழமை நீள்தூர ஓரியன்டீரிங், அதாவது வரைபடமும் காம்பஸும் வைத்துக் காட்டில் தானே வழி கண்டு ஓடும் போட்டி. 12.4 கிலோமீட்டர், 20 கன்ட்ரோல் (வரிசையாகப் போய்ச் சேர வேண்டிய, கொடி வைத்த இடங்கள்), ஏற்றம் 430 மீட்டர், வரைபடம் 1:15,000. எங்கள் கிளப்பிலிருந்து ஆறு பேர் போனோம், அதில் மூன்று பேர் இந்தக் கோர்ஸ். ஆண், பெண் பிரிவெல்லாம் கிடையாது, நீளத்தை வைத்துத்தான் கோர்ஸ். 2 நிமிடத்துக்கு ஒருவராக விட்டார்கள். எனக்கு 6 நிமிடம் பின்னால் என் கிளப் தோழி.

முதல் ஏழு கன்ட்ரோல் சொன்ன பேச்சைக் கேட்டன. எட்டில் சதுப்புக்கு எந்தக் கரை என்று தடுமாறி 4 நிமிடம் போனது. ஒன்பதில் பஞ்ச் பண்ணிவிட்டு (வந்து சேர்ந்ததை விரலில் மாட்டிய சிப்பில் பதிந்துவிட்டு) நிமிர்ந்தால் பின்னாலேயே தோழி. அப்புறம் 10, 11, 12 மூன்றும் கிட்டத்தட்ட ஒன்றாகவே ஓடினோம். நன்றாகத்தான் இருந்தது. வேகமும் கூடியது.

12லிருந்து 13 தான் அன்றைய பெரிய லெக், நேர்கோட்டில் 1.9 கிலோமீட்டர். நடுவில் ஒரு குன்று. இடது பக்கம் பாதையில் சுற்றிப் போகலாம், இல்லை குன்றில் ஏறி நேராக இறங்கலாம். தோழி நேராக ஏறினார், நானும் ஏறினேன். மறுபக்கச் சரிவில் தண்ணீர் அரித்த மடிப்புகள் வரிசையாக இறங்குகின்றன. எங்கள் கன்ட்ரோல் அதில் ஒன்றில், 2 மீட்டர் உயரப் பாறையின் கிழக்குப் பக்கம், அங்கே எழுதியிருக்கும் எண் 47. நாங்கள் இறங்கிய மடிப்பிலும் பாறை இருந்தது. கொடியும் இருந்தது. எண் 52.

அதற்கப்புறம் நடந்தது ஒரு கூத்து. இன்னும் கிழக்கே போனோம், அங்கே மடிப்பே இல்லை, வெறும் சரிவு. திரும்பி மேலே ஏறினோம். மறுபடி 52. கடைசியில் தோழி ஒன்றும் சொல்லாமல் கீழே பாதை வரை இறங்கி, பாதை வளைவைப் பிடித்து, அங்கிருந்து மேலே வந்து 47ஐ எடுத்தார். நானும் பின்னாலேயே. அந்த லெக்கில் முதலாவது வந்தவருக்கு 17 நிமிடம், எங்களுக்கு 36.

முடிவில் அவர் 12ஆவது, நான் 14ஆவது. எல்லைக்கோட்டில் எனக்கு 40 விநாடி முன்னால் போனார். அவர் 6 நிமிடம் பின்னால் கிளம்பியவர், ஆக நிஜ வித்தியாசம் 6:40. கிளப்பில் மூத்தவர் ஒருவர் ஸ்பிளிட் தாளை (லெக் வாரியாக ஆன நேரம்) பார்த்துவிட்டு, "ரெண்டு பேரும் ஒருத்தர் மூளையை ஒருத்தர் கடன் வாங்கி ஓடினீங்களா?" என்று கேட்டார். சிரித்துவிட்டேன், ஆனால் உறைத்தது.

என் கேள்விகள்: நான் செய்தது பின்தொடர்தல் ஆகுமா? அந்த 19 நிமிடத்தில் என் பங்கு எவ்வளவு? காட்டுக்குள் கிளப் ஆளைப் பார்த்தால் நீங்கள் என்ன செய்வீர்கள்?

#2 – குழிமேடு

19 நிமிடம்தானா? எனக்கு ஒரே கன்ட்ரோலில் 41 நிமிடம் போயிருக்கிறது. அதுவும் தனியாக. பழி போட ஒரு ஆள்கூட இல்லை.

#3 – பழுப்புக்கோடு

பல வருஷமாகக் கோர்ஸ் போடுகிறவன் என்ற முறையில் முதலில் விதியைச் சொல்லிவிடுகிறேன். இடைவெளி விட்டுக் கிளப்பும் தனிநபர் போட்டியில் ஒவ்வொருவரும் தானே வழி கண்டு தானே ஓட வேண்டும். விபத்து தவிர வேறு எதற்காகவும் இன்னொருவரிடம் உதவி கேட்பதோ, செய்வதோ கூடாது. ஒரே கிளப், ஒரே குடும்பம் என்பதெல்லாம் விதிவிலக்கு இல்லை. இடைவெளி விடுவதே இதற்காகத்தான். உலகச் சாம்பியன்ஷிப்பில் நீள்தூரத்துக்கு 3 நிமிடம் விடுகிறார்கள். அப்படியும் ஆட்கள் ஒட்டிக்கொள்வதால் நடுவில் பட்டாம்பூச்சி வளையம் வைப்போம். ஒரே மையக் கன்ட்ரோலிலிருந்து இரண்டு இறக்கை. ஒருவருக்கு இடது இறக்கை முதலில், அடுத்தவருக்கு வலது. ஒட்டி வந்தவர்கள் அங்கே பிரிந்தே ஆக வேண்டும்.

ஆனால் ஒரே கன்ட்ரோலுக்குப் போகிற இருவர் ஒரே திசையில் ஓடினால் அதைக் குற்றம் என்று யாரும் நிரூபிக்க முடியாது. காடு பொது. நீங்கள் பேசிக்கொண்டீர்களா என்பதுதான் முதல் கேள்வி.

இரண்டாவது கேள்வி எனக்கு இன்னும் முக்கியம். 12லிருந்து 13 போகும்போது உங்கள் கட்டைவிரல் வரைபடத்தில் எங்கே இருந்தது?

#4 – ஒற்றைஷூ

பேசவில்லை ஐயா. ஒன்பதில் பார்த்தபோது "ம்" என்றேன், அவரும் "ம்" என்றார். அவ்வளவுதான்.

இரண்டாவது கேள்விக்கு உண்மையைச் சொல்கிறேன். 52ஐப் பார்த்து வரைபடத்தைக் குனிந்து பார்த்தபோது என் கட்டைவிரல் 12இன் வட்டத்திலேயே இருந்தது. கிட்டத்தட்ட 2 கிலோமீட்டர் ஓடியிருக்கிறேன், விரல் கிளம்பவே இல்லை.

#5 – பழுப்புக்கோடு

அப்படியென்றால் அந்த லெக்கை நீங்கள் ஓடவில்லை, உங்கள் கால்கள் ஓடின.

#6 – புதுக்கால்

வணக்கம், நான் இரண்டே போட்டி ஓடியவன், இரண்டும் குட்டிக் கோர்ஸ். தப்பாக நினைக்காதீர்கள், கட்டைவிரல் எங்கே இருந்தால் என்ன? இரண்டு பேர் சேர்ந்து ஓடினால் நான்கு கண். தப்பு குறையத்தானே வேண்டும்?

#7 – நிதானம்37

//இரண்டு பேர் சேர்ந்து ஓடினால் நான்கு கண்//

தம்பி, எல்லோரும் முதலில் இப்படித்தான் நினைப்போம். நானும் நினைத்தேன்.

முதலில் கட்டைவிரல். வரைபடத்தைச் சின்னதாக மடித்து, அதன் வடக்கு நிஜ வடக்கைப் பார்க்கிற மாதிரி பிடித்து, கடைசியாக உறுதியாகத் தெரிந்த இடத்தில் கட்டைவிரல் நகத்தை வைக்கிறோம். பாதை சேரும் இடம், வேலி மூலை, பெரிய பாறை என்று ஒவ்வொன்றாகக் கடக்கும்போது விரலும் நகரும். 1:15,000இல் 1 மில்லிமீட்டர் என்றால் தரையில் 15 மீட்டர். 5 மில்லிமீட்டர் கன்ட்ரோல் வட்டம் தரையில் 75 மீட்டர் அகலம். ஓடிக்கொண்டே ஒரு விநாடி குனிந்து பார்க்கிறபோது, விரல் சரியான இடத்தில் இல்லையென்றால் அந்த ஒரு விநாடியில் எதையுமே படிக்க முடியாது. "நான் எங்கே இருக்கிறேன்" என்று தேடுவதிலேயே போய்விடும். நின்றுதான் தேட வேண்டும்.

இப்போது நான்கு கண் விஷயம். பின்னால் வருகிறவர் என்ன பார்ப்பார்? முன்னால் போகிறவரின் முதுகை. காட்டில் அது நகர்கிற பொருள், கண் தானாக அதில் போய் ஒட்டிக்கொள்ளும். முன்னால் போகிறவர் என்ன செய்வார்? பின்னால் காலடிச் சத்தம் கேட்கும். "இவர் கூடவே வருகிறாரே, அப்படியானால் நான் போவது சரிதான்" என்று மனம் எழுதிக்கொள்ளும். ஆக, பின்னால் இருப்பவர் முன்னால் இருப்பவரை நம்புகிறார், முன்னால் இருப்பவர் பின்னால் இருப்பவரை நம்புகிறார். வரைபடத்தை ஒருவரும் நம்பவில்லை. நான்கு கண் இல்லை தம்பி, ஒரு கண்கூட மிச்சமில்லை.

அந்நிய கிளப் ஆள் என்றால்கூடக் கொஞ்சம் சந்தேகம் இருக்கும். சொந்தக் கிளப் ஆள், நம்மைவிட நன்றாக ஓடுகிறவர் என்று தெரிந்துவிட்டால் அந்தச் சந்தேகமும் போய்விடும். அதனால்தான் கிளப் ஆட்களோடு மாட்டுவது ரொம்ப ஆபத்து என்பேன்.

சேர்ந்துதான் ஓட வேண்டும் என்று ஆசையென்றால் அதற்கென்றே ரோகெய்ன் இருக்கிறது.

#8 – குழிமேடு

ரோகெய்ன் பற்றி என்னைக் கேளுங்கள். 1976இல் ஆஸ்திரேலியாவில் ராட், கெயில், நீல் என்ற மூன்று பேர் பெயரிலிருந்து துண்டு துண்டாக எடுத்து ஒட்டிய பெயர். முழுப் போட்டி 24 மணி நேரம். இரண்டிலிருந்து ஐந்து பேர் வரை ஒரு அணி, ஆரம்பம் முதல் கடைசி வரை ஒன்றாகவே இருக்க வேண்டும், பிரிந்தால் ஆட்டம் செல்லாது. எந்தக் கன்ட்ரோல், எந்த வரிசை என்பதை நீங்களே முடிவு செய்யலாம். விடியற்காலை மூன்று மணிக்கு முள்ளுக்குள் நின்றுகொண்டு "நான் அப்பவே சொன்னேன்ல" என்று சண்டை போட உலகத்திலேயே இதைவிட நல்ல விளையாட்டு இல்லை. ஆனால் அங்கே சத்தம் போட்டுச் சண்டை போடலாம். அது ஒரு வசதி. இவர்கள் இருவரும் 19 நிமிடமும் மௌன விரதம் இருந்திருக்கிறார்கள் பாருங்கள்.

#9 – புதுக்கால்

நன்றி அக்கா, நன்றாகப் புரிந்தது. இன்னொரு சந்தேகம். உதவக் கூடாது என்கிறீர்கள். காட்டுக்குள் கிளப் ஆள் கால் மடங்கி விழுந்து கிடந்தால்?

#10 – பழுப்புக்கோடு

அப்போது நிற்க வேண்டும். கிளப் ஆளோ எதிரி அணியோ, அடிபட்டவருக்கு உதவுவது சலுகை இல்லை, கடமை. விதியிலேயே அப்படித்தான் இருக்கிறது.

2009இல் ஹங்கேரியின் மிஷ்கோல்ட்ஸில் உலகச் சாம்பியன்ஷிப். ஆண்கள் ரிலேயின் கடைசி லெக், அதாவது அணியின் கடைசி ஆள் ஓடும் பகுதி. ஸ்வீடனின் மார்ட்டின் யோஹான்சன் தொடையில் ஒரு மரக்குச்சி ஆழமாகக் குத்திவிட்டது. பிரான்சின் தியரி கியோர்ஜியூ, நார்வேயின் ஆன்டர்ஸ் நோர்ட்பெர்க், செக் நாட்டின் மிகல் ஸ்மோலா மூவரும் பதக்கத்துக்காக ஓடிக்கொண்டிருந்தவர்கள். மூவரும் நின்றுவிட்டார்கள். அவரைக் காட்டிலிருந்து வெளியே கொண்டுவரப் பார்த்தார்களே தவிரப் பதக்கத்தைப் பார்க்கவில்லை. தங்கம் சுவிட்சர்லாந்துக்குப் போனது. ஆனால் அந்த ரிலே என்றாலே எங்களைப் போன்றவர்களுக்கு நினைவு வருவது இந்த மூவர்தான்.

விசில் கட்டாயம் என்றால் பையின் அடியில் போடாதீர்கள், கைக்கு எட்டும் இடத்தில் மாட்டுங்கள். ஆபத்து என்றால் ஒரு நிமிடத்துக்குள் ஆறு ஊதல், ஒரு நிமிடம் நிறுத்தி மறுபடி ஆறு. இன்னொன்று, பாதியில் விலகினாலும் முடிவிடத்துக்கு வந்து கணக்குக் கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும். நேராகக் கிளம்பிப் போய்விட்டால் இரவெல்லாம் காட்டில் உங்களைத் தேடுவார்கள்.

#11 – வேகமேவிவேகம்

எல்லோரும் ஒரே பக்கம் நிற்கிறீர்கள், நான் எதிர்ப்பக்கம் நிற்கிறேன். வேகமான ஆளின் பின்னால் ஓடித்தான் நான் ஓடக் கற்றேன். பின்லாந்தின் ஜுகோலா ரிலேயை எடுத்துக்கொள்ளுங்கள். 1949லிருந்து நடக்கிறது, ஏழு பேர் கொண்ட அணி, இரவு பதினொரு மணிக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் ஒரே நேரத்தில் நெற்றி விளக்கோடு காட்டுக்குள் பாய்கிறார்கள். அங்கே யாராவது "தனியாக வழி காண்" என்கிறார்களா? கூட்டத்தோடு ஓடுவதும் ஒரு திறமை. ஸ்வீடனின் டியோமிலாவும் அப்படித்தான், அதில் பத்து லெக்.

ஒற்றைஷூவின் தப்பு பின்னால் ஓடியது இல்லை. தப்பான ஆளின் பின்னால் ஓடியது.

#12 – நிதானம்37

ரிலேயையும் இதையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள். ரிலேயில் கூட்டமாகக் கிளப்புவதால்தான் கன்ட்ரோல்களைப் பிரித்துப் போடுகிறார்கள். எனக்கு 61 என்றால் பக்கத்தில் ஓடுபவருக்கு நூறு மீட்டர் தள்ளி 63. கூட்டத்தை நம்பி எண்ணைப் பார்க்காமல் பஞ்ச் பண்ணினால் உங்கள் அணியே தகுதி இழக்கும். ஜுகோலாவில் கூட்டத்தோடு ஓடுகிற நல்ல ஆட்கள் வரைபடம் படித்துக்கொண்டேதான் ஓடுகிறார்கள். நீங்களும் அப்படித்தான் ஓடுகிறீர்களா?

கடைசி வரி தேவையில்லாதது. அந்தத் தோழியும் இதைப் படிக்கலாம்.

#13 – வெள்ளைக்காடு

படிக்கிறேன். தப்பான ஆள் நான்தான்.

இதற்காகவே இன்று கணக்குத் தொடங்கினேன். ஒற்றைஷூ எழுதியதில் பொய் எதுவும் இல்லை, ஆனால் ஒன்று விட்டுப்போயிருக்கிறது. 12இல் பஞ்ச் பண்ணிவிட்டு நான் வரைபடத்தைப் பார்த்தேன். சுற்றுப் பாதையா, குன்றா என்று எனக்கும் நிச்சயம் இல்லை. குன்றின் பக்கம் ஒரு அடி வைத்துவிட்டுத் திரும்பி உங்களைப் பார்த்தேன். நீங்கள் தலையாட்டினீர்கள். நன்றாக, இரண்டு முறை. சரி, இவரும் நேர்வழியைத்தான் பார்த்திருக்கிறார் என்று ஏறினேன்.

நான் உங்கள் முன்னால் ஓடினேன் என்பது உண்மை. ஆனால் பின்தொடர்ந்தது நான்தான் என்று இரண்டு நாளாக நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

#14 – குழிமேடு

இதோ, உட்கார்ந்துவிட்டேன். இனி எழுந்திருப்பதாக இல்லை.

#15 – ஒற்றைஷூ

ஐயோ.

நான் தலையாட்டவில்லை. அதாவது ஆட்டினேன், ஆனால் உங்களுக்காக இல்லை. 11லிருந்து வந்த ஏற்றத்தில் கண்ணாடி முழுக்க வியர்வைத் துளி. கையில் வரைபடம், காம்பஸ், விரலில் சிப் எல்லாம் இருப்பதால் எப்போதும் கையால் துடைக்க மாட்டேன், தலையை வெடுக்வெடுக்கென்று உதறுவேன். கிளப்பில் இதற்காகக் கிண்டல்கூடச் செய்வார்கள். நீங்கள் திரும்பிப் பார்த்ததே எனக்குத் தெரியாது. கண்ணாடி தெளிந்தபோது நீங்கள் பத்து மீட்டர் மேலே ஏறிக்கொண்டிருந்தீர்கள். "இவ்வளவு சீக்கிரம் முடிவெடுத்துவிட்டாரே, கில்லாடிதான்" என்று நினைத்துக்கொண்டு பின்னால் வந்தேன்.

#16 – வெள்ளைக்காடு

நான் முடிவே எடுக்கவில்லை!

#17 – புதுக்கால்

நிதானம் அக்கா சொன்னது அப்படியே நடந்திருக்கிறதே. ஒரு கண்கூட மிச்சமில்லை. இவருக்கோ கண்ணாடியே தெரியவில்லை.

#18 – மட்டுறுத்துநர்

இழை நன்றாகப் போகிறது. கிளப் பெயர், போட்டி நடத்தியவர் பெயர் மட்டும் யாரும் எழுத வேண்டாம். தனிமடலில் வந்த வரைபடத்தைப் பழுப்புக்கோடு ஐயாவுக்கு மட்டும் அனுப்பியிருக்கிறேன்.

#19 – பழுப்புக்கோடு

வரைபடம் கிடைத்தது. அந்த லெக்கைப் போட்டவர் நல்ல கைக்காரர். ஒரு தப்பைக்கூடத் தற்செயலுக்கு விட்டுவைக்கவில்லை.

வழித்தேர்வுக் கணக்கை முதலில் பார்க்கலாம். நேர்வழி சுமார் 2 கிலோமீட்டர், 70 மீட்டர் ஏற்றம். ஒரு மீட்டர் ஏறுவது பத்து மீட்டர் சமதளத்துக்குச் சமம் என்பது நாங்கள் வைத்துக்கொள்ளும் தோராயக் கணக்கு. ஆக 2.7. இடது பாதை 2.5 கிலோமீட்டர், ஏற்றம் 15 மீட்டர். ஆக 2.65. இரண்டும் சமம். வேண்டுமென்றே சமமாக வைத்திருக்கிறார். "எது குறைந்த தூரம்" என்று யோசிப்பவர் இங்கே நின்று மண்டையைக் குடைந்துகொள்ள வேண்டியதுதான்.

வித்தியாசம் கடைசி 300 மீட்டரில் இருக்கிறது. நீண்ட லெக்கைக் கன்ட்ரோல் பக்கமிருந்துதான் படிக்க வேண்டும். 47க்கு அருகில் எந்த இடத்தைத் தப்பே இல்லாமல் பிடிக்க முடியும்? பாதை கிட்டத்தட்டச் செங்கோணத்தில் வளைகிறது பாருங்கள், அங்கிருந்து மடிப்பின் வாய் 150 மீட்டர். அருமையான அட்டாக் பாயின்ட். இடது வழியில் வருகிறவர் அதன் மேல்தான் வந்து விழுகிறார். கீழிருந்து மடிப்புக்குள் ஏறினால் தப்புவதற்கு வழியே இல்லை, இரண்டு பக்கமும் சரிவு கையைப் பிடித்துக் கூட்டிப்போகும்.

நேர்வழியில் வருகிறவர் மேலிருந்து இறங்குகிறார். மேலே மடிப்புகள் தொடங்கும் இடத்தில் மூன்றும் ஒரே மாதிரி லேசான பள்ளங்கள். 47 நடுவில் இருப்பது. நீங்கள் இறங்கியது கிழக்கே இருப்பதில். இரண்டுக்கும் நடுவில் 120 மீட்டர். குன்றின் உச்சியிலிருந்து கன்ட்ரோல் 700 மீட்டர். 700 மீட்டரில் 10 டிகிரி விலகினால் சரியாக 120 மீட்டர் தள்ளி நிற்பீர்கள். காம்பஸ் பார்க்காமல் சரிவு இழுக்கிற பக்கம் இறங்கினால் 10 டிகிரி என்பது ஒன்றுமே இல்லை. அங்கே பாறை, மடிப்பு, கொடி எல்லாம் இருக்கின்றன. எண் மட்டும்தான் வேறு.

52க்கு அப்புறம் நீங்கள் கிழக்கே போனதுதான் பெரிய பிழை. மேற்கே தள்ளி இறங்கிவிட்டோம் என்று ஊகித்திருக்கிறீர்கள். அங்கே மடிப்பே இல்லை, வெறும் சரிவு. வரைபடத்தில் வெறும் சரிவு ஒரே ஒரு பக்கம்தான் இருக்கிறது. அதைப் பார்த்த அந்த நொடியில் நாம் எங்கே நிற்கிறோம் என்று தெரிந்திருக்க வேண்டும். அங்கிருந்து மேற்கே 200 மீட்டர் போயிருந்தால் நஷ்டம் ஏழெட்டு நிமிடத்தோடு நின்றிருக்கும்.

பாதைக்கு இறங்கி வளைவைப் பிடித்தது சரியான முடிவு. தாமதமாக வந்தாலும் சரியான முடிவு. அது வெள்ளைக்காடுடையது.

எனக்குப் புரியாத ஒன்று மட்டும் இருக்கிறது. உச்சியில் இரட்டை மேடு இருக்கிறது. பழுப்பு நிறத்தில் இரண்டு குட்டி வட்டம், அந்தக் குன்று முழுக்க அப்படி வேறெதுவும் இல்லை. அங்கே ஐந்து விநாடி நின்று காம்பஸ் வைத்திருந்தால் இந்த இழையே வந்திருக்காது. கோர்ஸ் போட்டவர் அதை உங்களுக்குப் பரிசாகவே வைத்திருக்கிறார். ஏன் யாருமே நிற்கவில்லை?

#20 – வேகமேவிவேகம்

//தப்பான ஆளின் பின்னால்//

இந்த வரியை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன் சகோதரி. மற்றது வாபஸ் இல்லை.

#21 – ஒற்றைஷூ

இரட்டை மேட்டை நான் பார்க்கவே இல்லை ஐயா. அவர் முதுகைத்தான் பார்த்தேன். வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதுதான் பதில்.

#22 – வெள்ளைக்காடு

நான் பார்த்தேன்.

இதை எழுதலாமா என்று காலையிலிருந்து யோசிக்கிறேன். இரட்டை மேடு தெரிந்தது. ஒரு மேட்டின் மேல் விழுந்த மரம் ஒன்றுகூட இருந்தது, அதன் வேர்மண்ணைச் சுற்றிக்கொண்டுதான் போனேன். தனியாக ஓடினால் இப்படிப்பட்ட இடத்தில் நான் எப்போதும் நிற்பேன். என் பழக்கமே அது. நின்று, காம்பஸை வைத்து, தூரத்தில் ஒரு மரத்தைக் குறித்துக்கொண்டு, அப்புறம்தான் இறங்குவேன். பயிற்சியில் என்னைக் கிண்டல் செய்வார்கள், "பஸ் ஸ்டாப்பு வந்திடுச்சு, நின்னுடுவா" என்று.

அன்றைக்கும் கால் நிற்கத்தான் பார்த்தது. பின்னால் உங்கள் மூச்சுச் சத்தம் கேட்டது. நான் நின்றால் "இவளுக்குத் தெரியவில்லை" என்று நினைப்பீர்கள் என்று தோன்றியது. ஒன்பதில் உங்களை எட்டிப் பிடித்த பெருமை வேறு. எட்டிப் பிடித்தவள் உச்சியில் நின்று வரைபடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பதா? அதனால் நிற்கவில்லை. நிற்காதது மட்டுமில்லை, வேகத்தைக் கூட்டினேன். அந்த இறக்கத்தில் நான் ஓடிய வேகம் அன்றைய என் உச்ச வேகம். வாட்சில் இருக்கிறது.

அந்நிய கிளப் ஆள் பின்னால் வந்திருந்தால் கண்டிப்பாக நின்றிருப்பேன். அவர் என்ன நினைத்தால் எனக்கென்ன?

#23 – நிதானம்37

எனக்கும் இது நடந்திருக்கிறது. பல வருஷம். வெளியே சொன்னதில்லை.

நான் #7இல் எழுதியதில் ஒரு திருத்தம். முன்னால் போகிறவர் பின்னால் வருகிறவரை நம்புகிறார் என்று எழுதினேன். எப்போதும் நம்பிக்கை இல்லை, பாதி நேரம் கூச்சம்தான். வித்தியாசம் என்னவென்றால், நம்பிக்கைக்கு மருந்தாக "வரைபடத்தைப் பார்" என்று சொல்லிக்கொடுக்கலாம். கூச்சத்துக்கு எதைச் சொல்லிக்கொடுப்பது?

இப்போது நான் செய்வது ஒன்றுதான். கிளப் ஆளைப் பார்த்தால் உடனே, தேவை இருக்கிறதோ இல்லையோ, நின்றுவிடுவேன். ஷூ நாடாவைக்கூடப் பார்க்க மாட்டேன், சாக்கு வேண்டாம் என்று. வரைபடத்தை எடுத்து, விரலை வைத்து, பத்து விநாடி. அதற்குள் அவர் போய்விடுவார், இல்லை அவரும் நிற்பார். இரண்டும் நல்லதுதான். 12 கிலோமீட்டரில் பத்து விநாடி ஒரு செலவே இல்லை.

#24 – வேகமேவிவேகம்

எனக்கு இது சரிப்படாது. பத்து விநாடியில் என் ஓட்டத்தின் சூடு போய்விடும். நான் பத்து மீட்டர் பக்கவாட்டில் விலகி, இணையாக ஓடுவேன். முதுகு கண்ணில் படாது, வேகமும் குறையாது.

#25 – நிதானம்37

உங்கள் வேகத்துக்கு அது சரிதான். பச்சைப் புதருக்குள் பத்து மீட்டர் விலகிப் பாருங்கள், அப்புறம் பேசலாம்.

#26 – ஒற்றைஷூ

வெள்ளைக்காடு, உங்கள் பதிவை நாலு தடவை படித்தேன். நீங்கள் உச்சியில் நின்றிருந்தால் நான் என்ன நினைத்திருப்பேன் என்று யோசித்துப் பார்த்தேன். "அப்பாடா, மூச்சு வாங்கலாம்" என்றுதான். சத்தியமாக. அந்த ஏற்றத்தில் உயிர் போய்க்கொண்டிருந்தது, ஒட்டிக்கொண்டு வந்ததே நான் பின்தங்கினால் நீங்கள் சிரிப்பீர்கள் என்றுதான்.

முதல் பதிவில் நான் கேட்ட கேள்விக்கு, 19ஐப் பாதியாகப் பிரித்து ஆளுக்கு ஒன்பதரை என்று எழுதலாம் என்றுதான் வந்தேன். இப்போது அதுவும் சரியில்லை. எனக்கு 19, உங்களுக்கும் 19. ஸ்பிளிட் தாளிலும் அப்படித்தான் இருக்கிறது.

#27 – வெள்ளைக்காடு

நான் உங்களைவிட 6:40 முன்னால். அதையும் தாளில் பாருங்கள்.

#28 – புதுக்கால்

அடுத்த போட்டிக்கு நானும் பெயர் கொடுத்துவிட்டேன், முதல் நீள்தூரம். என் கிளப்பிலிருந்து ஐந்து பேர். நின்றுவிடவா, விலகி ஓடவா என்று இன்னும் முடிவு செய்யவில்லை. கட்டைவிரல் மட்டும் இப்போதே வரைபடத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

#29 – ஒற்றைஷூ

அந்தப் போட்டியின் தொடக்கப் பட்டியல் வந்துவிட்டது, இப்போதுதான் பார்த்தேன். எனக்கு 10:42. வெள்ளைக்காடுக்கு 10:44.

#30 – குழிமேடு

கண்ணாடி துடைக்க ஒரு துணி எடுத்துக்கொண்டு போங்கள் ஐயா.